அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்: தொலைதூர ஆஃப்ரோடு பயணத்துக்கு எந்த டீசல் எஞ்சின்?

மணாலியிலிருந்து லே போகும் சாலையில் டாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அறிவிக்கும் பலகை பல ஆண்டுகளாக அங்கே நின்றது. சென்னையிலிருந்து 2,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அங்கே போய் நிற்கும் வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது அப்போது பெரிய விஷயமாக இருக்காது. எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) இழுவை வருகிறது, எப்படிப்பட்ட டீசலைத் தாங்கும், நடுவழியில் நின்றுவிட்டால் கையிலிருக்கும் ஸ்பேனரால் கிளப்ப முடியுமா, முடியாவிட்டால் பார்ட்ஸ் எந்த ஊரில் கிடைக்கும் என்பவைதான் கேள்விகள். எஞ்சினை இந்த வரிசையில் எடைபோட வேண்டும். ஷோரூமில் பேச்சு எப்போதும் தலைகீழாகத்தான் தொடங்குகிறது.

முதலில் இழுவை. பாறை மேலும் மணலிலும் வண்டியை நகர்த்துவது டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை; நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். அதுவும் கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க். ஃபோர்ஸ் கூர்க்காவின் 2.6 லிட்டர் எஞ்சின் மெர்சிடிஸ் வழிவந்தது. 2024 முதல் 140 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தருகிறது. அந்த 320-உம் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. மஹிந்திரா தாரின் 2.2 லிட்டர் எம்ஹாக்கில் 300 நியூட்டன் மீட்டர், 1,600-இல் தொடங்குகிறது. இசுஸு வி-கிராஸின் 1.9 லிட்டரில் 360 இருக்கிறது. ஆனால் முழுதாக வர 2,000 ஆர்பிஎம் வேண்டும். டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர், ஆட்டோமேட்டிக்கில் 1,600-லிருந்து 500 தருகிறது. காகிதத்தில் வி-கிராஸ் தாரை முந்துகிறது. கற்கள் உருளும் ஏற்றத்தில் 1,300 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த 360 இன்னும் வந்திருக்காது. கிளட்ச்சைப் பாதி மிதித்துத் தேய்த்து ஏற்றினால் மாலைக்குள் கருகிய வாடை வரும்.

எஞ்சினைத் தனியாகப் பார்ப்பதும் தப்பு. முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கூடுதல் கியர்) விகிதம், ஆக்சில் விகிதம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 4.0, 2.5, 3.9 என்று வைத்துக்கொண்டால் 39 வரும். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு இருபது சுற்றுக்குக் கொஞ்சம் மேல். டயரின் சுற்றளவு 2.4 மீட்டர் என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் அந்த வேகத்தில் அணையாமல் ஏறுகிற எஞ்சின்தான் மலைக்கு ஏற்றது. பெரிய டயர் போட்டால் இந்தக் கணக்கு கெடும் என்பதை டயர் கடையில் யாரும் சொல்வதில்லை.

உயரம்

லடாக்கின் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சின் 100 மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் பவரை இழக்கும்; கணவாய் உச்சியில் பாதி போய்விடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் மெரினாவில் ஊற்றிய அதே அளவு டீசலை அங்கேயும் ஊற்றும். காற்று பாதி, டீசல் முழுது என்றால் மிச்சம் கரும்புகையாகத்தான் வரும். சில பம்ப்களில் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் டயஃப்ரம் உண்டு. பழைய வண்டிகளில் அது கிழிந்து கிடப்பதே வழக்கம். டர்போ இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும். ஆனால் அதற்காக இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். நீண்ட ஏற்றம் முடிந்து நிறுத்தியதும் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது டர்போ பேரிங்குக்குச் செய்யும் மரியாதை.

மெக்கானிக்கலா, காமன் ரெயிலா

இதில்தான் வாக்குவாதம் அதிகம். பழைய ஜீப் பிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரி செத்தாலும் தள்ளிவிட்டுக் கிளப்பலாம். டீசலை வெட்டும் சாலினாய்டுக்கு மட்டும் மின்சாரம் போய்ச் சேர வேண்டும், அதற்கும் ஒரு துண்டு ஒயர் போதும். டேங்க் வறண்டு லைனில் காற்று புகுந்துவிட்டால் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அடித்து, நாசில் பக்கத்து நட்டை 17 ஸ்பேனரால் தளர்த்தி, செல்ஃப் அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கினால் வேலை முடிந்தது. 1990-இல் வந்த டொயோட்டாவின் 1ஹெச்இசட், 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. ஆப்பிரிக்காவில் இன்றுவரை அதற்கு மதிப்பு குறையாததற்குக் காரணம் இந்த எளிமைதான்.

காமன் ரெயில் வேறு ஜாதி. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் சேர்த்து வைத்து, கணினி சொல்லும் அளவில் சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை இது. ரெயிலில் 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தம். இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. பம்பையும் இன்ஜெக்டரையும் வழவழப்பாக வைத்திருப்பதே டீசல்தான்; அதில் தண்ணீர் கலந்தால் உலோகம் உலோகத்தோடு தேயும். தேய்ந்த பொடி ரெயில் வழியாக நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். அப்புறம் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வைக்கும் இடம் இது.

மேலே சொன்ன நட்டைத் தளர்த்தும் வித்தையைக் காமன் ரெயிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஊசி முனையளவு கசிவும் அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும். உள்ளே விரலையே இழக்க வைக்கும் காயம். காற்று எடுக்க வேண்டுமென்றால் ஃபில்டர் வரையிலான குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும்.

இத்தனைக்குப் பிறகும், இன்று சென்னையில் வண்டி வாங்குகிறவருக்குக் காமன் ரெயிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ் ஆர்பிஎம் இழுவை, மைலேஜ், உயரத்தில் நடந்துகொள்ளும் விதம் மூன்றிலும் அது முன்னால் நிற்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல். கந்தகம் 10 பிபிஎம்முக்குள். டீசலின் தரம் இப்போது பிரச்சினை இல்லை. பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலும், கடையில் கேனில் வாங்குவதிலும், நம் டேங்கிலும் சேரும் தண்ணீரும் தூசியும்தான் பிரச்சினை. அதைத் தடுக்க நம்மால் முடியும்.

எப்படி? ஒரிஜினல் ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கம், 30 மைக்ரான் அளவில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் உள்ள முதல் ஃபில்டர் ஒன்று. வாரன்டி உள்ள வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொண்டு போடுங்கள். இணைப்புகள் கூடக்கூடக் காற்று இழுக்கும் வாய்ப்பும் கூடும்; நல்ல கிளாம்ப், டீசலுக்கான ஹோஸ் மட்டுமே. ஒரிஜினல் ஃபில்டர் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். மலையில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஃபில்டரின் அடித் திருகை அரைச் சுற்று திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். மேலே மஞ்சள், கீழே நிறமில்லாத ஒரு வளையம். அந்த வளையம் விரல் தடிமன் வந்தால் டேங்கையே இறக்கிச் சுத்தம் செய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. இன்னொன்று: சென்னை ஈரக்காற்றில் மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் உட்சுவரில் நீர் வியர்த்து இறங்கும். நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

புகைவடிகட்டியும் யூரியாவும்

பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கிறது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கூடுதல் டீசலைச் செலுத்தி, 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதை எரித்துவிடுகிறது. இதற்குத் தடையில்லாத ஓட்டம் பத்திருபது நிமிடம் வேண்டும். வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து ஆபீஸ் போகிற வண்டிக்கு அது கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். ‘ஆயில் குறையவே இல்லை’ என்று மகிழ வேண்டாம். வாரம் ஒருமுறை ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஓட்டி வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மலைப்பயணத்தில் ஏற்றங்களின் சூட்டிலேயே டிபிஎஃப் ஓரளவு சுத்தமாகிக்கொள்ளும். தொடர்ந்து சில நாள் லோ ரேஞ்சில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற பயணம்தான் அதை அடைக்கும். ஐடில் கொஞ்சம் ஏறி, அணைத்த பிறகும் ஃபேன் ஓடி, சூடான வாடை வந்தால் சுத்திகரிப்பு நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் மட்டுமே.

டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் அது யூரியாக் கரைசல், 32.5 சதவீதம். டீசல் செலவில் மூன்று முதல் ஐந்து சதவீதம் போகும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 10 லிட்டர் கேன் சுமார் 2,500 கிலோமீட்டர் வரும். லேவுக்கு ஒருவழிக்கே அது பத்தாது. தீர்ந்தால் பலமுறை எச்சரித்துவிட்டு அடுத்த முறை ஸ்டார்ட்டே ஆகாது. எஞ்சின் நன்றாகவே இருக்கும், வண்டி நகராது. இந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். 35 டிகிரி சூட்டில் வைத்தால் ஆறு மாதம்தான் ஆயுள். சென்னை வெயிலில் டிக்கியில் போட்டு மறந்த கேனை லடாக்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.

தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாமும் சென்னைக்காரர்களுக்குக் கற்பித்ததை ஆற்றைக் கடக்கும்போதும் நினைவில் வைக்க வேண்டும். 2.2 லிட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 546 சிசி. அழுத்த விகிதம் 16.5 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 35 மில்லி மட்டுமே. சாம்பார் கரண்டியில் பாதி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் எஞ்சினில் இந்த இடம் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். அதனால் டீசல் வண்டியில் காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று வாங்கும் முன்பே பானெட்டைத் திறந்து பாருங்கள். பம்பர் மட்டத்தில் இருந்தால் ஸ்னார்க்கல் (அந்த வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) இல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃபைத் தொடாதீர்கள். நின்றதால் நொறுங்குவதைவிட மறுபடி செல்ஃப் அடித்ததால் நொறுங்கும் எஞ்சின்கள் அதிகம். வண்டியை இழுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் குளோ பிளக் (குளிரில் கிளப்புவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) நான்கையும் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்ணீர் துளை வழியே வெளியேறும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் கிளப்பக் கூடாது.

தூசியும் இதே அளவு கொடியது. ஆனால் மெதுவாகக் கொல்லும். 2.2 லிட்டர் டர்போ எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் நல்ல பூஸ்ட்டோடு ஒரு மணி நேரத்தில் 200 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். ஏர் ஃபில்டருக்குப் பிறகு வரும் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலே தார்ப் பாலைவன மணல் பிஸ்டன் ரிங்கை அரைத்துவிடும். ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பானால் கசிவு இருக்கிறது.

குளிர்

கோடையில் லே போகிறவர்களுக்கு இது பெரிதில்லை. குளிர்காலத்தில் ஸ்பிதியோ லடாக்கோ போகிறவர்கள் கவனிக்க வேண்டும். டீசலில் மெழுகு உண்டு; குளிரில் அது படிந்து ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தர அளவுப்படி ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கான உச்சவரம்பு கோடை டீசலுக்கு 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி. சமவெளி டீசலோடு மைனஸ் 20-இல் போய் நின்றால் காலையில் கிளம்பாது. இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. டேங்கில் உள்ளதைக் காலியாகும் அளவுக்கு ஓட்டிவிட்டு அங்கே நிரப்புங்கள்.

இதைவிடச் சென்னை வண்டிகளுக்கே உரிய ஆபத்து ரேடியேட்டரில் இருக்கிறது. ஹோஸ் மாற்றும்போது பக்கத்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவது நம் ஊர் வழக்கம். அந்த உப்புத் தண்ணீர் இங்கே உள்ளே படிவு கட்டும். அங்கே உறைந்து பிளாக்கையே பிளக்கும். முழுதும் வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் சரிபாதியாக நிரப்புங்கள். மைனஸ் 35 வரை தாங்கும்.

பார்ட்ஸும் சட்டமும்

நல்ல எஞ்சின், ஆனால் பார்ட்ஸ் கிடைக்காத எஞ்சின் என்று ஒரு வகை உண்டு. ஃபோர்டு எண்டெவரின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சின் 470 நியூட்டன் மீட்டர் தந்தது, நெடும்பயணத்துக்கு அருமையானது. மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றுவிட்டது. சென்னையில் அதைப் பழகிய கைகள் இருக்கலாம், மணாலி-லே சாலையில் உள்ள சர்ச்சுவில் இருக்காது. மாறாக பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார் வகை எஞ்சின்கள் மலைக் கிராமங்களில் டாக்சியாக ஓடுகின்றன. அவற்றின் ஃபில்டரும் பெல்ட்டும் சிறு ஊர்க் கடையிலும் தொங்கும். இசுஸு ஆலை ஸ்ரீசிட்டியில், நமக்குப் பக்கத்தில்தான். வண்டி பழுதாகும் இடம் ஸ்ரீசிட்டியாக இருக்கப் போவதில்லை. போகிற ஊரில் என்ன ஓடுகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் எஞ்சினை இறக்கிப் பழைய ஜீப்பில் ஏற்றும் ஆசை பலருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வகை எஞ்சினை மாற்றினாலும் ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீடு கைவிடும். பழைய டீசல் வண்டியில் தில்லி வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை விதித்தது. அதன் பிறகு உத்தரவுகள் மாறி மாறி வருவதால் கிளம்பும் வாரத்து நிலவரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய காமன் ரெயில் வண்டி வாங்குவதானால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, தனித்தனிச் சின்னப் பாட்டில்களில் விட்டு, மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்ட வேண்டும். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரு மடங்கு இருந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. விலையைக் குறைப்பதா, விட்டுவிடுவதா என்று அங்கேயே முடிவெடுக்கலாம். பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இயல்பு. நீராவி எஞ்சின் போலக் குபுகுபுவென்று வந்தால் ரிங் போயிருக்கிறது.

எதை வாங்கினாலும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு கொல்லிமலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். லடாக்குக்கு ஏற்றப் போகும் எல்லாச் சுமையும் வண்டியில் இருக்கட்டும்: நான்கு பேர், 40 லிட்டர் தண்ணீர், முழு டேங்க், கூடாரம், கருவிகள் என்று 450 கிலோவைத் தாண்டும். ஏசியைப் போட்டு, இரண்டாம் கியரில், ஓபிடி ரீடரை (வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் சிறு கருவி) போனில் இணைத்து கூலண்ட் சூட்டைப் பாருங்கள். 100 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விடுங்கள். ஊர் திரும்பியதும் ரேடியேட்டர், விஸ்கஸ் ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் பார்க்க வேண்டும். கூடவே மைலேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமையோடு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்றால் தாரின் 57 லிட்டர் டேங்க் 513 கிலோமீட்டர் வரும். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் 410. டாண்டிப் பலகைக்கு அது போதும். மணலில் ஓடப் போகிறீர்கள் என்றால் போதாது. 20 லிட்டர் இரும்புக் கேன் ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள்.